எதிர்ப்பு இராத வீடு

சென்னை
24.2.2006

அன்புள்ள அக்காவுக்கு,

செழியன் எழுதுகிறேன். இங்கே நான், மணிமொழி, குழந்தை கவியா மூவரும் சுகம். உன் முட்டிவலி இப்போது எப்படி, மாமாவுக்கு இருமல் நின்றதா என்று எழுதவும்.

போனில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டு ராஜம்மாளுக்குப் போன் போட்டால் அவர்கள் ஓடிவந்து உன்னைக் கூப்பிடுவார்கள். நீ பேசி முடிக்கிறவரை குடும்பத்தோடு சுற்றி நின்று கேட்பார்கள். சொல்லவேண்டியது கொஞ்சம் நீளம். அதனால் கடிதம்.

மகாராஷ்டிரப் பக்கம் கோழிப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் வந்துவிட்டதை டிவியில் பார்த்திருப்பாய். நம் நாட்டில் இதுதான் முதல் தடவை. லட்சக்கணக்கான கோழிகளைக் கொன்று புதைக்கிறார்கள். இங்கே வந்துவிடக் கூடாது என்று எங்களுக்கு ஓயாத வேலை. அலுவலகத்திலேயே கட்டுப்பாட்டு அறை திறந்திருக்கிறோம். எல்லையில் லாரிச் சக்கரங்களுக்குக்கூட மருந்து அடிக்கிறார்கள். எனக்கு ஒத்திகைப் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். நோய் வந்தால் என்ன செய்யவேண்டுமோ அதை நோய் இல்லாத ஓர் ஊரில் முன்கூட்டியே செய்து பார்ப்பது. உடுப்பு போட்டு, கோழி பிடித்து, குழி வெட்டி, எல்லாம் நிஜம்போலவே. மாட்டு டாக்டர் என்று கேலி பேசினவர்கள் இப்போது என் அறை வாசலில் காத்திருக்கிறார்கள்.

நம் மாவட்டத்தில் எந்த ஊர் என்று இன்னும் முடிவாகவில்லை. அடி அண்ணாமலையாகவும் இருக்கலாம். அப்படியானால் பயப்படாதே. வருகிறவர்களுக்கு ஒத்துழைப்பு கொடு.

மாமாவுக்கு என் வணக்கம்.

அன்புத் தம்பி
இளஞ்செழியன்


அடி அண்ணாமலை
5.3.2006

அன்புத் தம்பி செழியனுக்கு அக்கா சரோஜா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் மாமாவும் சுகம். முட்டிவலி இருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும். மாமாவுக்கு இருமல் கம்மி. கவியாவுக்குப் பல் விழுந்து முளைத்துவிட்டதா?

உன் கடிதத்தை மாமா கடையில் வைத்து எல்லாருக்கும் படித்துக் காட்டினார். "எங்க மச்சான்தான் இதுக்கெல்லாம் பொறுப்பு" என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டார். டீ ஆற்றிக்கொண்டே சொன்னதில் ஒரு கிளாஸ் உடைந்தது.

இங்கே டவுனில் கோழிக்கறி வாங்க ஆளில்லை. தேரடித் தெரு பிரியாணிக் கடைக்காரர் காய்கறிப் பிரியாணி என்று போர்டு மாற்றிவிட்டார். நம் வீட்டில் ஐம்பத்திரண்டு கோழி இருக்கிறது. ஒன்று அடையில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்றுக்கும் சீக்கு இல்லை.

போன வாரம் கால்நடை ஆய்வாளர் தருமன் வந்து கோழிகளை எண்ணி எழுதிக்கொண்டு போனான். "இன்னாத்துக்குப்பா எண்ற?" என்றேன். "மேலேர்ந்து லிஸ்ட் கேட்டுகீறாங்கக்கா. உங்க வீட்ட மட்டும் தனியா கேட்டாங்க" என்றான். மற்ற வீடுகளில் ஏன் எண்ணவில்லை என்று ராஜம்மாள் கேட்கிறாள்.  உனக்குத் தெரிந்தால் எழுது.

எந்த ஊராக இருந்தாலும் இருக்கட்டும். உனக்கு நல்ல பேர் வரவேண்டும். வருகிறவர்களுக்குச் சாப்பாடு நம் வீட்டிலேயே செய்துவிடலாமா? எத்தனை பேர் என்று எழுது.

அக்கா
சரோஜா


சென்னை
13.3.2006

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நேரமில்லை, சுருக்கமாக எழுதுகிறேன்.

அடி அண்ணாமலைதான். 22ஆம் தேதி புதன்கிழமை காலை. ஊர்களை மேலிடத்தில் தேர்வு செய்கிறார்கள், அதில் நமக்கு ஒன்றும் இல்லை. உன் வீட்டில் சில கோழிகளிடம் மாதிரி எடுப்பார்கள். கேட்டதைக் கொடு. சாப்பாடு வேண்டாம், யாரும் கை நனைக்க மாட்டார்கள்.

தில்லியிலிருந்து இரண்டு பேர் பார்க்க வருகிறார்கள். நானும் குழுவில் இருக்கலாம். அப்படி இருந்தால் அவர்கள் முன்னால் என்னைத் தம்பி என்றோ பேர் சொல்லியோ கூப்பிடாதே. தவறாக எடுத்துக்கொள்ளாதே. அலுவலக விஷயம்.

செழியன்


அடி அண்ணாமலை
27.3.2006

அன்புத் தம்பி செழியனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கவேண்டும்.

புதன்கிழமை நடந்ததை நீயும் பார்த்தாய். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாய். இந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கே நாலு ஜீப் வந்துவிட்டது. வீட்டைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டிய கயிறு இழுத்தார்கள். தெருவே கூடிவிட்டது. மைக்கில், "இந்த வீட்டில் பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது, யாரும் கிட்டே வர வேண்டாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒத்திகை என்ற வார்த்தையே வரவில்லை. நான் தருமனைக் கேட்டேன். "நெஜம் மாதிரி இருந்தாத்தான் ஜனங்க எப்டி நடந்துக்கறாங்கனு தெரியுங்கா. கடைசில சொல்லிடுவோம்" என்றான். கடைசியில் சொன்னார்கள். அதற்குள் வெயில் ஏறி முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள்.

வெள்ளை உடுப்பைப் பார்த்ததும் கோழிகள் வேப்பமரத்தில் ஏறிக்கொண்டன. அடையில் இருந்தது மட்டும் ஓடவில்லை. அதைத்தான் முதலில் பிடித்தார்கள். அதன் கீழே பதினொரு முட்டை, இன்னும் மூன்று நாளில் பொரிக்க வேண்டியவை. மாதிரி எடுப்பார்கள் என்று எழுதியிருந்தாய். பன்னிரண்டு கோழியைக் கழுத்தைத் திருகினார்கள் செழியா. பையில் போட்டு, கொல்லையில் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள். தில்லிக்காரர் ஒருவர் கையில் கடிகாரம் வைத்து நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருவர் வந்து, "வீட்ல ஒருத்தருக்குக் காய்ச்சல்னு காட்டணும். யாராவது படுக்கறீங்களா?" என்றார். மாமாவுக்குச் சிரிப்பு. "நான் படுக்கறேன் சார். வேலை செய்யாம படுக்கச் சொல்லி யாரு கூப்புடுவாங்க?" என்றார். முகமூடி மாட்டி, ஸ்ட்ரெச்சரில் கட்டி, ஆம்புலன்சில் ஏற்றினார்கள். முகமூடிக்குள் அவர் சிரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. சைரன் போட்டு டவுன்வரைக்கும் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஒத்திகை முடிந்தது என்று இறக்கிவிட்டார்கள். திரும்பக் கொண்டுவந்து விட யாருக்கும் தோன்றவில்லை. செருப்பு வீட்டிலேயே இருந்தது. பங்குனி வெயிலில் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடந்து வந்தார்.

மறுநாள் பேப்பரில் அவர் படம் வந்தது. மேலே கொட்டை எழுத்தில் "அடி அண்ணாமலையில் பறவைக் காய்ச்சல் பீதி". ஒத்திகை என்று எங்கேயோ கீழே பொடியாகப் போட்டிருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்?

உடுப்புப் போட்ட ஏழு பேரில் கடைசியில் நின்றவன் நீதான். இடது தோளைச் சாய்த்து நடக்கிற நடையை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். நீ சொன்னபடி கூப்பிடவில்லை. முருங்கைக்கீரை அடை சுட்டு வைத்திருந்தேன். ஜீப் போய்விட்டது.

இது வெறும் ஒத்திகை, இந்த வீட்டில் யாருக்கும் சீக்கு இல்லை என்று உங்கள் ஆபீசில் ஒரு காகிதம் எழுதி அனுப்பு. பஞ்சாயத்து போர்டில் ஒட்டவேண்டும். சீக்கிரம் அனுப்பு.

அக்கா
சரோஜா


சென்னை
8.4.2006

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது.

முதலில் உனக்கும் மாமாவுக்கும் நன்றி. நாலு மாவட்ட ஒத்திகையில் நம்முடையதுதான் சிறந்தது என்று தில்லிக்காரர்களே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கயிறு கட்டியதிலிருந்து குழி மூடியதுவரை இரண்டு மணி நாற்பது நிமிஷம். மாமாவின் நடிப்பை எல்லோரும் பாராட்டினார்கள். அவரிடம் சொல்.

உள்ளே வர முடியவில்லை. உடுப்பைக் கழற்றினால் மறுபடி மருந்துத் தண்ணீரில் குளிக்கவேண்டும், அதிகாரிகள் ஜீப்பில் காத்திருந்தார்கள். நீ புரிந்துகொள்வாய்.

காகிதத்துக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு வாரத்தில் வந்துவிடும்.

வெயிலில் அலையாதே. மாமாவை மோர் குடிக்கச் சொல்.

செழியன்


அடி அண்ணாமலை
17.5.2006

தம்பி செழியனுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீங்கள் எல்லாரும் நன்றாக இருங்கள்.

நீ சொன்ன ஒரு வாரம் போய், அது மாதிரி இன்னும் நாலு வாரமும் போய்விட்டது.

சனிக்கிழமை சித்ரா பௌர்ணமி. எத்தனை லட்சம் ஜனம் மலை சுற்ற வந்தது என்று உனக்கே தெரியும். வருஷா வருஷம் அன்றைக்கு மாமாவுக்கு உட்கார நேரம் இருக்காது. இந்தத் தடவை மத்தியானத்திலேயே மூன்று கேன் பால் காய்ச்சி வைத்தார். சாயங்காலம் வெளியூர்க்காரர்கள் நாலைந்து பேர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். பக்கத்துப் பூக்கடைக்காரி அவர்களைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். அவர்கள் மாமா முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்துபோனார்கள். அதற்கப்புறம் வந்தவர்களுக்கும் அப்படித்தான். "இந்த ஆளத்தான் அன்னிக்கு வண்டில ஏத்தினாங்க" என்பது என் காதிலேயே விழுந்தது. மாமா பாலைக் கால்வாயில் ஊற்றினார். கையால் அடுப்பை அணைத்துக் கொப்புளம் போட்டுக்கொண்டார்.

ராஜம்மாள் வீட்டில் போன் ரிப்பேர் என்கிறாள். மணி அடிப்பது இங்கே கேட்கிறது.

காகிதம் எங்கே என்று தருமனிடம் போனேன். அவன் தலையைச் சொறிந்தான். "அக்கா, நீங்க சாரையே கேளுங்க" என்றான். "அவன்தான் சொல்லிட்டேன்னு எழுதினானே" என்றேன். "எனக்கு ஒண்ணும் வர்லக்கா. வந்த காயிதம் இது ஒண்ணுதான்" என்று ஃபைலிலிருந்து எடுத்துக் காட்டினான். நான் எட்டாவது படித்தவள்தான், ஆனாலும் எழுத்துக் கூட்டத் தேவையில்லாமல் படித்தேன். பிப்ரவரி 20ஆம் தேதி போட்டு, "பரிந்துரைக்கப்படும் இடம்: அடி அண்ணாமலை, அருணகிரி என்பவர் வீடு. வீட்டார் என் உறவினர். எதிர்ப்பு இராது" என்று எழுதியிருந்தது. கீழே உன் கையெழுத்து.

எந்த ஊர் என்று முடிவாகவில்லை என நீ எனக்கு எழுதியது 24ஆம் தேதி.

கேட்டிருந்தால் நானே சரி என்றிருப்பேன் செழியா. கேட்கவேண்டிய ஆள் என்றுகூட உனக்குத் தோன்றவில்லை. மாமாவுக்கு இதை நான் சொல்லவில்லை. அவர் இன்னும் உன்னைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுகிறார்.

அந்தக் காகிதம் மட்டும் வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

சரோஜா


சென்னை
4.7.2006

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலம் வேண்டுகிறேன். உடனே பதில் எழுத முடியவில்லை. கவியாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அலைந்தோம். அலுவலகத்திலும் மூச்சு விட நேரமில்லை.

காகித விஷயம். பலமுறை பேசினேன். மேலே உள்ளவர்கள் யோசிப்பது என்னவென்றால், எல்லாம் ஒத்திகைதான், ஒன்றும் இல்லை என்று இப்போது நாமே எழுதி ஒட்டினால் ஜனங்களுக்கு அலட்சியம் வந்துவிடும். கொஞ்சம் பயம் இருப்பது நல்லது என்கிறார்கள். நோய் நிஜமாகவே வந்தால் அந்தப் பயம்தான் காப்பாற்றும். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஊர் வாயை அடைக்க முடியாது, கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள்.

நீ பார்த்த ஃபைல் பற்றி. அது வெறும் அலுவலக நடைமுறை. எங்காவது செய்தாகவேண்டும். வேறு ஊரில் கோழியைத் தொட்டால் அரிவாளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். என் சொந்த அக்கா வீட்டையே கொடுத்தேன் என்பதைப் பெருமையாகத்தான் நினைத்தேன்.

ஆகஸ்டு 16ஆம் தேதி தில்லியில் எல்லா மாநிலத்தாரும் கூடும் கூட்டத்தில் நம் ஒத்திகை பற்றி நான் பேசப்போகிறேன். பதவி உயர்வுக்கும் அது உதவும். மாமாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

செழியன்


அடி அண்ணாமலை
3.8.2006

செழியா,

இந்தக் கடிதம் கிடைத்த உடனே பதில் போடு.

கோழிகள் சாகின்றன. திங்கட்கிழமை நாலு. நேற்றும் முந்தாநாளும் சேர்த்துப் பதினேழு. கழுத்தை முறுக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து விழுகின்றன. எச்சம் வெள்ளையும் பச்சையுமாகப் போகிறது. கொல்லையில் நானே குழி வெட்டிப் புதைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. வருஷா வருஷம் தருமன் ஊசி போட வருவான். இந்த வருஷம் அவனை வாசலில் பார்த்தாலே ஊர் கூடிவிடும் என்று நான்தான் வரவேண்டாம் என்றேன்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து மாமாவுக்குக் காய்ச்சல். உடம்பு கொதிக்கிறது. மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கிப்போய்த் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் பரவுகிறது, அதற்குச் சிக்கன்குனியா என்று பேர், சிக்கன் தின்றால் வருவது என்கிறார்கள். செத்த கோழியை எல்லாம் நான் கையால் எடுத்தேன். முதல் நாள் அவரும் எடுத்தார். இது அதுவா? நீ ஒருத்தன்தான் எனக்குத் தெரிந்த டாக்டர். மாட்டுக்கோ மனுஷனுக்கோ, எனக்கு நீதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் வர மாட்டேன் என்கிறார். "மறுபடியும் அந்த வண்டில ஏத்துவாங்க சரோஜா. இந்தத் தடவ எறக்கிவுட மாட்டாங்க" என்கிறார்.

கடையை ஜூன் மாதமே வேங்கிக்கால் ஆள் ஒருவருக்கு விட்டுவிட்டோம். அதே அடுப்பு, அதே பாய்லர், அதே பெஞ்சு. ஆள்தான் வேறு. கூட்டம் நிற்க இடமில்லை. மாமா எதிர்ப்பக்கம் மரத்தடியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது அதுவும் இல்லை, படுத்துவிட்டார்.

நேற்று டவுனுக்குப் போய் பூத்திலிருந்து உன் ஆபீசுக்குப் போன் போட்டேன். அக்கா பேசுகிறேன் என்று சொன்னேன். மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். இரண்டாம் தடவையும் அதையே சொன்னார்கள்.

நீ வா. வர முடியாவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று எழுது.

சரோஜா


5.8.2006

அக்கா,

கூரியரில் அனுப்புகிறேன். நீயே கையெழுத்துப் போட்டு வாங்கு.

நீ எழுதியதைப் பார்த்தால் இது நிச்சயம் கோழிகளுக்கு வழக்கமாக வரும் வெள்ளைக் கழிச்சல்தான். பறவைக் காய்ச்சல் இல்லை. வீணாகப் பயப்படாதே. மாமாவுக்கு வந்திருப்பது மாநிலம் முழுக்கப் பரவும் மூட்டுக் காய்ச்சல், கொசுவால் வருவது, கோழியால் அல்ல.

ஆனாலும் இத்துடன் பத்து மாத்திரை வைத்திருக்கிறேன். காலையும் இரவும் ஒவ்வொன்று, ஐந்து நாள் மாமாவுக்குக் கொடு. எங்கிருந்து வந்தது என்று யாரிடமும் சொல்லாதே. இது பறவைக் காய்ச்சலுக்கென்று அரசு வைத்திருப்பது, கடையில் கிடைக்காது.

சாகிற கோழிகளை நாலு அடி ஆழத்தில் புதை. சுண்ணாம்பு போடு. மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக்கொள். மீதி இருப்பதையும் நீயே முடித்துவிடுவது நல்லது.

தருமனிடம் இப்போது சொல்லவேண்டாம். 20ஆம் தேதிவரை பொறுத்துக்கொள். பிறகு சொல்லலாம். நான் 14ஆம் தேதி தில்லி போகிறேன். நான் பேசப்போவதே நம் ஊரைப் பற்றி. அதே வீட்டிலிருந்து அதற்குள் ஒரு புகார் போனால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். இத்தனை வருஷம் எனக்காக எவ்வளவோ செய்தாய். இந்த இரண்டு வாரம் மட்டும்.

படித்ததும் இதை எரித்துவிடு.

செ.


அடி அண்ணாமலை
29.8.2006

டாக்டர் இளஞ்செழியன் அவர்களுக்கு,

அருணகிரி அவர்களின் மனைவி சரோஜா எழுதுவது. அவர் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

உங்கள் தபால் 7ஆம் தேதி வந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். ஒரு வரிகூட விடவில்லை. பழைய ஃபைலில் பார்த்ததையும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அதுவா இல்லியான்னு அவனுக்கும் தெரியாது சரோஜா. தெரிஞ்சிருந்தா மாத்திரை இன்னாத்துக்கு அனுப்பறான்?" என்றார். 

ராஜம்மாள் மருமகள் ஏழு மாசம். எங்கள் கோழிக்கூண்டுக்கும் அவள் துணி காயவைக்கிற கொடிக்கும் பத்தடிகூட இல்லை. போனை எடுக்காதவள் வீட்டுப் பெண்தான். ஆனாலும் வயிற்றுப் பிள்ளைக்காரி. இரண்டு வாரம் என்கிறீர்கள். இரண்டு வாரத்தில் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் யார் முகத்தில் விழிப்பது?

மறுநாள் காலையில் செத்த கோழி இரண்டைச் சிமெண்டுப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு தருமன் வீட்டுக்குப் போனேன். அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, சாருக்குத் தெரியுமா?" என்றான். நான் பையின் கட்டை அவிழ்த்தேன். "எப்பலேர்ந்து சாவுது?" என்றான். அதற்கு உண்மையைச் சொன்னேன்.

அங்கிருந்து நேரே வந்து ஆட்டோ வைத்து அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆட்டோவில் ஏறும்போது அவர் என் தோளில் சாய்ந்துகொண்டார், குழந்தை மாதிரி. அங்கே போனால் நடையெல்லாம் அதே காய்ச்சல்காரர்கள். மூட்டு வீங்கி, குனிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். வெள்ளை உடுப்பும் இல்லை, கயிறும் இல்லை. கோழி செத்ததையும் சொன்னேன். ரத்தம் எடுத்துக்கொண்டு, ஊசி போட்டு, கொசுக்கடிக் காய்ச்சல்தான் போலிருக்கு, எதற்கும் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இதற்குப் பயந்துதான் ஒரு வாரம் அந்த மனுஷன் வலியில் கத்தாமல் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

தருமனும் இன்னொரு டாக்டரும் சாயங்காலம் வந்தார்கள். என் வீட்டில் மிச்சமிருந்த ஐந்து கோழியிடமும் மாதிரி எடுத்தார்கள். பிறகு வீடு வீடாகப் போகவேண்டும் என்றார்கள். தனியாகப் போனால் யாரும் கதவு திறக்க மாட்டார்கள் என்று நானும் போனேன்.

பதினாலு வீடு. பதினாலு வீட்டுக் கொல்லையிலும் புது மண். சில வீட்டில் என் வீட்டுக்கு முன்னாலேயே சாக ஆரம்பித்திருக்கிறது. ஒருவர் கிணற்று மேட்டில் புதைத்திருக்கிறார். ஒருவர் கோணியில் கட்டி ஏரியில் போட்டிருக்கிறார். ஒரு வீட்டில் சீக்கு வந்ததும் அறுத்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். ராஜம்மாளுக்கு ஒன்பது செத்திருக்கிறது. அந்த மருமகள்தான் புதைத்திருக்கிறாள், வெறுங்கையால்.

"ஏன் ராஜம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருகிட்ட சொல்றது? உன் வீட்டுக்காரர ஏத்திம்போனத நாங்க பாக்கலியா? அத்த பாத்துட்டு இந்த ஊர்ல எவ வாயத் தொறப்பா?" என்றாள். "நீ போய்ச் சொன்னியே, உனக்கு இனிமே போறதுக்கு இன்னா இருக்குது?" என்றும் சொன்னாள். அது சரிதான்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. வெள்ளைக் கழிச்சல். நீங்கள் சொன்னது சரியாகிவிட்டது. உங்கள் படிப்பு வீண் போகவில்லை. ஆனால் அது வேறு முடிவாக இருந்திருந்தால், தில்லியில் நீங்கள் மைக் முன்னால் நின்ற அன்றைக்கு இங்கே ஊரே மண்ணை மூடிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கும். நீங்கள் செய்து காட்டியதிலிருந்து இங்கே ஜனங்கள் கற்றுக்கொண்டது அதைத்தான். உங்கள் பேச்சில் அதையும் சேர்த்தீர்களா என்று எனக்குத் தெரியாது.

தருமனை மாற்றிவிட்டார்கள். செங்கம் பக்கம். காரணம் சொல்லவில்லை. போகும்போது என் வீட்டில் உட்கார்ந்து ஒரு தம்ளர் டீ குடித்துவிட்டுப் போனான். ஐந்து மாதத்தில் என் வீட்டில் வெளியாள் வாய் நனைத்தது அவன்தான்.

மாத்திரையை அவருக்குக் கொடுக்கவில்லை. பத்தும் இதில் இருக்கிறது.

மணிமொழிக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம்.

சரோஜா


சென்னை
11.9.2006

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமா எழுந்து நடப்பது அறிந்து நிம்மதி. மழை பிடித்துக்கொண்டது, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும். மாமாவுக்கு மூட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும். கவியா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

தில்லிக் கூட்டம் நல்லபடியாக முடிந்தது.

உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியதற்கெல்லாம் பதில் எழுதவேண்டும். என்னை டாக்டர் என்று எழுதியிருந்ததை மணிமொழி பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டாள். 

உறையை முழுக்கப் பிரித்துப் பார்த்தேன். மாத்திரைகள் பத்தும் இருந்தன. ஆகஸ்டு ஐந்தாம் தேதி நான் எழுதியது அதில் இல்லை. அதை எரித்துவிட்டாயா என்று நீ எழுதவில்லை. தருமனிடமோ வேறு யாரிடமோ அதைக் காட்டினாயா? ஒரு வரி போதும்.

என் விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, இத்துடன் ஒரு உறை வைத்திருக்கிறேன்.

அன்புத் தம்பி
இளஞ்செழியன்